இருமினால் சிறுநீர் கசிகிறதா என்று யாரும் கேட்பதில்லை: மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு ஒரு திறந்த மடல்

மாண்புமிகு மக்கள் நல்வாழ்வுத் துறை அமைச்சர், துறைச் செயலாளர், பொது சுகாதாரத் துறை இயக்குநர் ஆகியோருக்கு,

வணக்கம்.

நான் காவிரி டெல்டாவில் ஒரு சிறிய ஊரில் வேலை பார்க்கும் இயன்முறை மருத்துவர் (பிசியோதெரபிஸ்ட்). மூட்டு வலி, தோள்பட்டை இறுக்கம், பக்கவாதம் என்று வருபவர்களே என்னிடம் அதிகம். ஆனால் முழங்காலைக் காட்ட வரும் பெண்களில் பலர், கூட வந்தவர்களை வெளியே போகச் சொல்லிவிட்டு, கிளம்பும் நேரத்தில் குரலைத் தாழ்த்தி இன்னொன்றையும் சொல்வார்கள். “தும்முனா ஒண்ணுக்கு வந்துடுது மேடம்.” “குடத்தைத் தூக்குனா கீழ ஏதோ உருண்டையா இறங்குது.” “வயித்தால போறதைக் கூட அடக்க முடியல.” கல்யாணமாகி இரண்டு மூன்று வருடமான பெண்கள் சொல்வது வேறு மாதிரி இருக்கும்: “அவர் கிட்ட வந்தாலே உடம்பு இறுகிப்போகுது, வலி தாங்கல.”

இவை நான்கும் நான்கு நோய்களாகத் தோன்றலாம். பெரும்பாலும் நான்கிலும் ஒரே தசைக்கூட்டத்துக்குப் பங்கு உண்டு, அதுதான் இடுப்புத்தளத் தசைகள். அவற்றுக்குச் சிகிச்சை இருக்கிறது. கத்தியோ பெரிய கருவியோ வேண்டாம், மூன்று நான்கு மாதப் பயிற்சியும் அதைச் சரியாகச் சொல்லித்தரத் தெரிந்த ஒருவரும் போதும். அந்த ஒருவரை நம் அரசு மருத்துவமனைகளில் பெண்கள் எளிதாகப் போய்ப் பார்க்க முடிவதில்லை. அதற்காகத்தான் இந்த மடல்.

முன்னே அந்தரங்க எலும்பிலிருந்து பின்னே வால் எலும்பு வரை, கயிற்றுக் கட்டிலின் பின்னல் போல இந்தத் தசைகள் விரிந்து கிடக்கின்றன. சிறுநீர்ப்பை, கருப்பை, மலக்குடல் மூன்றும் அதன் மேல்தான் உட்கார்ந்திருக்கின்றன. இருமும்போதும், சிரிக்கும்போதும், பாரம் தூக்கும்போதும் வயிற்றுக்குள் அழுத்தம் கூடும். அந்த நொடியில் இந்தத் தசைகள் தாமாகவே இறுகிச் சிறுநீர்க் குழாயை மூடிப்பிடிக்க வேண்டும். கர்ப்பத்தின் பாரம் ஒன்பது மாதம் இவற்றின் மேலேயே இருக்கிறது. பிரசவத்தில் குழந்தையின் தலை வெளிவர இவை தம் நீளத்தைப் போலப் பல மடங்கு இழுபடுகின்றன. ஆயுதம் போட்டு எடுத்த பிரசவத்தில் தசை எலும்பிலிருந்தே பிய்ந்துபோகும் ஆபத்து கூடுதல். ஆசனவாய் வரை கிழிந்து தையல் போட்ட பெண்களுக்குக் காற்றையும் மலத்தையும் அடக்குவதே சிரமமாகலாம். சிசேரியன் செய்துகொண்டால் இதெல்லாம் வராது என்று பலர் நினைக்கிறார்கள். ஆபத்து குறையும் என்பது உண்மை. ஆனால் கர்ப்பமே இந்தத் தசைகளைத் தளர்த்துவதால் முழுப் பாதுகாப்பு கிடையாது. 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன். அந்தத் தாய்மார்களையும் இந்தக் கணக்கில் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

பிரசவத்துக்குப் பிறகு நம் பெண்களின் உடம்பு படும் பாட்டை நீங்கள் அறியாதவர்கள் இல்லை. பச்சை உடம்புக்காரி என்று தாய் வீட்டில் வைத்துப் பார்க்கும் நாட்கள் முடிந்ததும் தண்ணீர்க் குடம், மாட்டுத் தீவனக் கட்டு, சித்தாள் வேலை, நூறு நாள் வேலை என்று எல்லாம் ஒன்றாக வந்து சேரும். தீராத இருமல், மலச்சிக்கலில் முக்கிமுக்கிப் போவது, மாதவிடாய் நின்ற பிறகு திசுக்கள் மெலிவது என எல்லாம் அந்தத் தளர்ந்த தசையின் மேலேயே விழுகின்றன.

நடவு வேலைக்குப் போகும் ஓர் அம்மா என்னிடம் வந்தார். ஐம்பதை நெருங்கும் வயது. முதுகு வலி என்றுதான் வந்தார். சேற்றில் குனிந்து நிற்கும்போது புடவை எப்படியும் நனைந்திருக்கும் என்பதால் வேலை நாட்களில் அவருக்குக் கவலை இல்லையாம். கல்யாண வீடுதான் பயம். உள்பாவாடை இரண்டு கட்டி, பழைய பருத்திப் புடவையைக் கிழித்து மடித்து வைத்துக்கொண்டு போவார். பந்தியில் உட்கார மாட்டார். பஸ்ஸில் சீட் கிடைத்தாலும் நின்றுகொண்டே வருவார். காலையில் காப்பி குடிப்பதை விட்டுவிட்டார், தண்ணீரும் குறைவுதான். இது எத்தனை வருடமாக இருக்கிறது என்று கேட்டேன். “சின்னவன் பொறந்ததுலேருந்து” என்றார். அந்தச் சின்னவன் இப்போது கல்லூரியில் படிக்கிறான். இத்தனை காலத்தில் சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் அரசு ஊழியர்கள் அவர் வீட்டு வாசலுக்கே வந்து மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். அது நல்ல வேலை, மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் இந்த ஒரு கேள்வியை அவரிடம் யாரும் கேட்டதில்லை. அவராகவும் சொல்லவில்லை. பிள்ளை பெற்றவளுக்கு இதெல்லாம் இருக்கும் என்று அவருடைய அம்மாவும் அக்காவும் சொல்லியிருக்கிறார்கள், அவரும் நம்பிவிட்டார்.

அவர் மூன்று மாதம் விடாமல் பயிற்சி செய்தார். முழுவதும் நின்றுவிட்டது என்று சொல்ல மாட்டேன். தும்மலுக்குக் கசிவது நின்றது, பாரம் தூக்கினால் எப்போதாவது கொஞ்சம் இருக்கிறது. காப்பி குடிக்கிறார், பந்தியில் உட்காருகிறார்.

இது என் கைராசி என்று நினைக்க வேண்டாம். 1948-இலேயே அமெரிக்க மகளிர் மருத்துவர் ஆர்னால்ட் கெகல் இந்தப் பயிற்சியை முறைப்படுத்தி எழுதினார். இன்று இருமல், தும்மலில் கசியும் சிறுநீருக்கு முதல் சிகிச்சையாகக் குறைந்தது மூன்று மாதம், பயிற்றுநரின் மேற்பார்வையில் இந்தப் பயிற்சியைத்தான் தர வேண்டும் என்று பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு வழிகாட்டுகிறது. கருப்பை இறக்கம் ஆரம்ப நிலையில் இருந்து தொந்தரவு தந்தால், குறைந்தது 16 வாரப் பயிற்சியை முதல் வழியாகப் பரிசீலிக்கச் சொல்கிறது. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2018-இல் 14 நாடுகளின் 31 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தது. இருமலில் கசியும் பிரச்சினை இருந்தவர்களில், பயிற்சி செய்தவர்கள் 56 சதவீதம் பேர் குணமானதாகச் சொன்னார்கள். பயிற்சி இல்லாதவர்களில் அப்படிச் சொன்னவர்கள் 6 சதவீதம்தான். பிரான்சில் பிள்ளை பெற்ற பெண்ணுக்கு இந்தத் தசைகளுக்கான மறுபயிற்சியை மருத்துவர் எழுதித் தருகிறார், வழக்கமாகப் பத்து அமர்வுகள். செலவை அரசுக் காப்பீடு ஏற்கிறது. அங்கே தடுப்பூசி போடுவதைப் போல அது பிரசவத்துக்குப் பிந்தைய பராமரிப்பில் ஒரு பகுதியாகிவிட்டது.

“சரி, கெகல் பயிற்சி பற்றி ஒரு துண்டறிக்கை அச்சடித்துப் பிரசவ வார்டில் கொடுத்துவிடலாமே” என்று உங்கள் மேசையில் யாராவது சொல்லக்கூடும். நான் பயப்படுவது இதற்குத்தான். இந்த மடலில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் நீங்கள் எடுத்துக்கொள்வதானால் அடுத்து வருவதை எடுத்துக்கொள்ளுங்கள்.

1991-இல் அமெரிக்காவில் பம்ப் என்ற மருத்துவரும் குழுவினரும் 47 பெண்களுக்கு இந்தப் பயிற்சியை வாயால் மட்டும் சுருக்கமாக விளக்கிவிட்டு, அவர்கள் செய்வதைக் கருவி வைத்து அளந்தார்கள். ஏறத்தாழப் பாதிப் பேர்தான் சரியாகச் செய்தார்கள். கால்வாசிப் பேர் செய்த விதம் கசிவை அதிகப்படுத்தக்கூடியது. என் அறையிலும் இதையேதான் பார்க்கிறேன். “உள்ளே இழுத்து மேலே தூக்குங்கள்” என்றால் மூச்சைப் பிடித்துக்கொண்டு வயிற்றை உப்புவார்கள். புட்டத்தை இறுக்குவார்கள், தொடைகளை நெருக்குவார்கள். மலம் கழிப்பது போலக் கீழே முக்குபவர்களும் உண்டு, அதுதான் மிக மோசம். ஏற்கெனவே இறங்கிக்கொண்டிருக்கும் கருப்பையை நாமே தினம் மூன்று வேளை கீழே தள்ளச் சொல்லிக்கொடுத்ததாக ஆகிவிடும். யூடியூப் பார்த்து ஆறு மாதம் செய்தும் பலன் இல்லை என்று சலித்துப்போய் வருபவர்களில் முக்குபவர்களே அதிகம் என்பது என் அனுபவம்.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய வசதி எதுவும் வேண்டாம். கதவு சாத்தும் அறை, ஒரு திரை, கட்டில், கையுறை, பெண் இயன்முறை மருத்துவர். முதலில் படம் காட்டி எல்லாவற்றையும் விளக்குவேன். வேண்டாம் என்றால் எந்த நொடியிலும் நிறுத்தலாம் என்று சொல்லிவிட்டு, அவர் சம்மதித்த பிறகு ஒரே ஒரு விரலால் பரிசோதிப்பேன். தசை அசைகிறதா, எவ்வளவு பலமாகப் பிடிக்கிறது என்று 0 முதல் 5 வரை மதிப்பெண் உண்டு. எத்தனை நொடி பிடித்துவைக்க முடிகிறது, விட்டதும் முழுதாகத் தளர்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். உள்பரிசோதனைக்கு மனம் ஒப்பாதவர்களுக்கும், அது கூடாதவர்களுக்கும் வேறு வழி இருக்கிறது. அடிவயிற்றில் ஸ்கேன் கருவியை வைத்தால் தசை தூக்கும்போது சிறுநீர்ப்பையின் அடிப்பகுதி மேலே எழும்புவது திரையில் தெரியும். “பாத்தீங்களா, இப்ப சரியா தூக்குனீங்க” என்று காட்டும்போது அவர்கள் முகத்தில் வரும் மலர்ச்சியை நீங்கள் ஒருமுறையாவது பார்க்க வேண்டும். தன் உடம்பில் அப்படி ஒரு தசை இருப்பதே அன்றுவரை தெரியாதவர்கள் அவர்கள்.

அப்புறம்தான் பயிற்சி. காற்று பிரியாமல் அடக்குவது போல இறுக்கி, உள்ளே தூக்கி, முடிந்த அளவு பிடித்து, அதே அளவு நேரம் தளர்த்த வேண்டும். ஒரு வேளைக்கு எட்டு முறையாவது, நாளுக்கு மூன்று வேளை. மூச்சு இயல்பாகப் போய்வர வேண்டும். தும்மல் வரப்போகிறது என்று தெரிந்ததும் முன்கூட்டியே இறுக்கிக்கொள்ளப் பழக்குவோம். குடம் தூக்கும்போது மூச்சை வெளியே விட்டபடி தூக்கச் சொல்வோம். சிறுநீர் அடிக்கடி அவசரமாக வருபவர்களுக்குச் சிறுநீர்ப்பையைப் பழக்கும் முறை வேறு, மலச்சிக்கலுக்கு உட்காரும் முறை வேறு. சிறுநீர் போகும்போது பாதியில் நிறுத்திப் பழகுவதைப் பயிற்சியாகவே சிலர் தினமும் செய்கிறார்கள், அதை நிறுத்தச் சொல்கிறோம். ஆளுக்கு ஆள் மாறும் இதையெல்லாம் ஒரு துண்டறிக்கையில் அடைக்க முடியாது.

துண்டறிக்கை போதாது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. எல்லோருக்கும் தசை தளர்ந்துதான் இருக்கும் என்பதில்லை. சிலருக்கு அது எப்போதும் இறுகியே இருக்கும், தளரத் தெரியாது. உடலுறவில் வலி, அடிவயிற்று வலி, சிறுநீர் சொட்டுச் சொட்டாகப் போவது, மலம் முழுதாக வெளியேறாதது எல்லாம் அதனால் வரலாம். இவர்களிடம் “கெகல் செய்யுங்கள்” என்று சொன்னால் வலி கூடத்தான் செய்யும். இவர்களுக்கு வேண்டியது நேர் எதிரானது: அடிவயிறு வரை இறங்கும் மூச்சு, தளர்த்தும் பயிற்சி, கையால் மெதுவாக இறுக்கம் நீக்குவது, பிறப்புறுப்பைத் தளரப் பழக்கும், படிப்படியாக அளவு கூடும் டைலேட்டர் குழல்கள்.

கல்யாணமாகி வருடக்கணக்காகியும் தாம்பத்தியம் நடக்கவில்லை என்று வரும் பெண்களைப் பற்றி இங்கே சொல்லியே ஆக வேண்டும். அவர்களில் சிலர் என்னிடம் வருவதற்குள் குழந்தையின்மைச் சிகிச்சை மையத்தின் படி ஏறிவிட்டிருக்கிறார்கள். “ஒத்துழைக்க மாட்டேங்கிறா” என்று மாமியார் வீட்டில் பேச்சு, விவாகரத்து வரைக்கும் பஞ்சாயத்து, கோயில், பரிகாரம். ஒரு பெண்ணிடம் அவரைப் பரிசோதித்த மருத்துவரே “கொஞ்சம் பொறுத்துக்கோம்மா” என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். பொறுத்துக்கொண்டால் அடுத்த முறை தசை இன்னும் பலமாக இறுகும் என்பதை யாராவது அவருக்கு விளக்கியிருந்தால் அந்தக் குடும்பத்துக்கு எவ்வளவு வேதனை மிச்சமாகியிருக்கும். இது அவர் விருப்பத்துக்குக் கட்டுப்படாத தசை இறுக்கம், அவரிடம் எந்தக் குற்றமும் இல்லை. பொறுமையான இயன்முறைச் சிகிச்சையும், தேவைப்பட்டால் மனநல ஆலோசனையும் சேர்ந்தால் பெரும்பாலோர் தேறிவிடுகிறார்கள். கணவனையும் கூட உட்காரவைத்து விளக்கினால் பாதி பாரம் அன்றைக்கே இறங்கிவிடும்.

அறுவை சிகிச்சையைப் பற்றியும் மறைக்காமல் எழுதுகிறேன். முற்றிய இறக்கத்துக்கு அறுவை சிகிச்சை தேவைதான், அதைச் செய்யும் மருத்துவர்களின் திறமையை மதிக்கிறேன். ஆனால் இலேசான இறக்கத்துக்கும் “கர்ப்பப்பையை எடுத்துட்டா நிம்மதி” என்று எடுத்துக்கொண்டு வரும் பெண்களை நான் பார்க்கிறேன். கருப்பையை எடுத்தாலும் தளர்ந்த தசை தளர்ந்தபடிதானே இருக்கிறது? சிறுநீர்க் கசிவு அப்படியே தொடர, சிலருக்குப் பிறகு பிறப்புறுப்பின் சுவரே இறங்க, மறுபடி ஒரு சுற்று அலைச்சல். கத்தியை எடுக்கும் முன் மூன்று நான்கு மாதம் முறையான பயிற்சி பெற அந்தப் பெண்ணுக்கு ஒரு வாய்ப்பு இருந்திருக்க வேண்டும். காப்பீட்டு அட்டையில் ஆபரேஷன் இலவசம், பயிற்சிக்கு வாராவாரம் கைக்காசு என்றால் அவர் எதைத் தேர்ந்தெடுப்பார்?

இதையெல்லாம் நம் அரசிடம் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. இந்தியாவில் இதைச் செய்யக்கூடிய அமைப்பு தயாராக இருக்கும் மாநிலங்களில் தமிழ்நாடு முன்வரிசையில் நிற்கிறது. நம் பிரசவங்களில் 99 சதவீதத்துக்கு மேல் மருத்துவமனைகளில் நடக்கின்றன. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான மகப்பேறு நிதியுதவிக்காகக் கர்ப்பிணிகள் பிக்மி எண் என்ற அரசுப் பதிவு எண்ணை வாங்குகிறார்கள். அதாவது யார், எந்த ஊரில், எப்போது பிள்ளை பெற்றார் என்பது அரசுக்குத் தெரியும். கிராம சுகாதார செவிலியர் வீட்டுக்கே போகிறார். குழந்தையின் எடை, தொப்புள், தாய்ப்பால், உதிரப்போக்கு, குடும்பக் கட்டுப்பாடு என்று கேட்கிறார். அந்த வரிசையில் இரண்டே கேள்விகளைச் சேர்க்கச் சொல்லுங்கள்: “இருமுனா தும்முனா சிறுநீரோ மலமோ கசியுதா? கீழே ஏதாவது இறங்குற மாதிரி இருக்கா?” ஆறாவது வாரம் ஒருமுறை, ஆறாவது மாதம் ஒருமுறை. நாற்பது வயதைத் தாண்டிய பெண்களுக்குச் சர்க்கரை பரிசோதிக்கும்போதும் அதே கேள்விகள்.

2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை மருத்துவர்களும் வீடு வீடாகப் போகிறார்கள். எழுந்து நடக்க முடியாதவர்களுக்கு அவர்கள் செய்யும் சேவை பெரிது. அவர்களில் பெண்களுக்கு இடுப்புத்தளச் சிகிச்சையில் முறையான பயிற்சி கொடுங்கள். ஒரு நாள் கருத்தரங்கம், ஒரு சான்றிதழ் என்று முடித்துவிடாமல், தேர்ந்தவர் ஒருவர் பக்கத்தில் நின்று கற்றுத்தரும் நேரடிப் பயிற்சியாக அது இருக்க வேண்டும். ஒவ்வொரு மாவட்டத்திலும் ஒரு அரசு மருத்துவமனையில், மகப்பேறு பிரிவை ஒட்டியே, வாரத்தில் ஒரு நாளாவது இதற்கென்று புறநோயாளிப் பிரிவு திறங்கள். மகப்பேறு பிரிவை ஒட்டி என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நான் பார்த்த பல இடங்களில் பிசியோதெரபி அறை வளாகத்தின் மறுகோடியில், எலும்பு முறிவுப் பிரிவுக்குப் பக்கத்தில், ஒரே கூடமாக இருக்கிறது. நடுவில் திரைகூட இல்லாத இடத்தில் ஆண் நோயாளிகளுக்கு எதிரே இந்தப் பேச்சை எந்தப் பெண் எடுப்பார்?

டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் பி.பி.டி. (இயன்முறை மருத்துவ இளநிலை) மாணவிகளுக்கு இந்தத் துறையில் கட்டாய நேரடிப் பயிற்சி வேண்டும். நான் படித்த காலத்தில் இது எங்களுக்குப் புத்தகத்தில் சில பக்கங்களோடு முடிந்தது. கற்றுக்கொள்ள விரும்புபவர்கள் சொந்தப் பணம் கட்டி வெளியூர் போய்ப் படிக்கும் நிலை தொடரக் கூடாது.

பிரசவ அறையில் செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு. எல்லோருக்கும் வழக்கமாகப் பிறப்புறுப்பு வாயின் அடிப்பகுதியை வெட்டித் தையல் போடும் முறையை உலக சுகாதார நிறுவனம் 2018-இல் வெளியிட்ட பரிந்துரைகளில் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறது. தேவைப்பட்டவருக்கு மட்டும் செய்யப்படுகிறதா என்பதை ஒவ்வொரு மருத்துவமனையிலும் தணிக்கை செய்யுங்கள். ஆசனவாய்த் தசை வரை கிழிந்த பெண்கள் வீட்டுக்குப் போகும்போதே இயன்முறை மருத்துவரைப் பார்க்கத் தேதி குறித்துக் கொடுத்து அனுப்புங்கள்.

ஆண்களையும் விட்டுவிட வேண்டாம். புராஸ்டேட் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை செய்துகொண்ட பெரியவர்கள் மாதக்கணக்கில் பேட் கட்டிக்கொண்டு வீட்டுக்குள்ளேயே முடங்குகிறார்கள். அவர்களுக்கும் இதே தசைப் பயிற்சி கைகொடுக்கும், ஆபரேஷனுக்கு முன்பே தொடங்கினால் கற்றுக்கொள்வது எளிது.

இன்னொன்று, உங்கள் துறையை மட்டும் சேர்ந்ததில்லை என்றாலும் சொல்லிவிடுகிறேன். கடைகளில் நின்றே வேலை செய்யும் பெண்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-இல் இந்த மாநிலம் சட்டம் திருத்தியது. அந்தப் பெண்களிடம் கேட்டால், கழிப்பறைக்குப் போகக் கேட்க வேண்டியிருக்கிறதே என்று தண்ணீர் குடிக்காமல் இருப்பதாகச் சொல்வார்கள். மணிக்கணக்கில் அடக்குவது சிறுநீர்ப்பைக்கும் கேடு, தசைக்கும் கேடு. தொழிலாளர் துறையோடு பேசும்போது இதையும் எடுத்துச் சொல்லுங்கள்.

பணம் எங்கே என்று கேட்பீர்கள். நான் கேட்பதில் புதுக் கட்டடம் இல்லை, விலையுயர்ந்த எந்திரமும் இல்லை. இருக்கும் ஊழியர்களுக்குப் பயிற்சி, செவிலியர் கேட்கும் வரிசையில் இரண்டு கேள்விகள், இருக்கும் மருத்துவமனையில் கதவு உள்ள ஓர் அறை. எல்லா மாவட்டங்களிலும் ஒரே நேரத்தில் முடியாவிட்டால் மூன்று மாவட்டங்களில் ஓராண்டு செய்துபாருங்கள். எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேருக்குக் கசிவு குறைந்தது, எத்தனை பேர் அறுவை சிகிச்சை வேண்டாம் என்று திரும்பினார்கள் என்று எண்ணிப் பாருங்கள். முதல் அணிக்குச் சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டுமென்றால் எங்கள் மாவட்டத்தில் ஊதியம் இல்லாமல் வரத் தயாராக இருக்கிறேன். என்னைப் போல இன்னும் சிலரையும் அழைத்துவருகிறேன். வரும் மானியக் கோரிக்கையில் இதற்கு ஒரு வரி சேர்த்து, எந்த மாவட்டங்கள், எந்தத் தேதியிலிருந்து என்று அறிவியுங்கள்.

இப்படிக்கு,
இயன்முறை மருத்துவர் ஒருவர்,
தஞ்சாவூர் மாவட்டம்